சுட்டுவிரல் பாடம்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, புதிதாக வந்த ஆட்களை தகடு அழுத்தும் கம்பெனி ஷெட்டின் ஓரத்தில் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். சூப்பர்வைசர் லோகேஷ் "வேல்விழி, வாம்மா" என்று கூப்பிடுவார். அவள் ஸ்டோர்ஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். சுட்டுவிரல் அடியோடு கிடையாது. நடுவிரலில் பாதி. உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு முறை பார்ப்பார்கள். பிறகு தங்கள் புது ஷூவைப் பார்ப்பார்கள். "என் கவனக்குறைவால நடந்துச்சு. நீங்க கவனமா இருங்க" என்று எழுதிக் கொடுத்ததை அவள் ஒப்பிப்பாள். அவர்கள் அவள் கையைப் பார்க்கும் அந்த அரை நிமிஷத்துக்குள் அவள் அத்தனை பேர் கையையும் பார்த்து முடித்திருப்பாள். முழங்காலைக் கட்டியிருக்கிற கை, நகம் கடிக்கிற கை, பக்கத்துக்காரன் தொடையில் தாளம் போடுகிற கை. இதில் யாழுக்கு ஆகிற கை எது?

பிறகு கிளவுஸ் வாங்க ஜன்னலுக்கு வருவார்கள். அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். "கை காட்டு" என்பாள்.

"அளவு பாக்கவாக்கா?"

"அளவுதான். ஞாயித்துக்கெழமை இன்னா பண்ணுவே?"

"தூங்குவேன்."

"வல்லத்துக்கு வா. யாழ் சொல்லித் தரேன்."

"யாழா? அது செத்துப் போயி ஆயிரம் வருசம் இருக்குமே!"

"கீது. அதுக்கு இன்னா இப்போ? நீ பத்து மணிக்கு வந்துடு."

வல்லத்தில் தணிகாசலம் வீட்டுப் பெண் என்றால் எல்லாருக்கும் தெரியும். தணிகாசலத்துக்கு வாழ்க்கைப்பட்ட கிளியம்மாள் குன்றத்தூர்க்காரி, சொந்த மாமன் மகள். அவளுடைய அப்பனும் இவருடைய அம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பக்கமும் ஒரே ரத்தம். அதனால் அந்த வீட்டுப் பிடிவாதம் இரண்டு பங்காக வந்து மூத்த பெண் வேல்விழியிடம் சேர்ந்துவிட்டது என்று அந்த உறவுமுறையில் எல்லாரும் சொல்வார்கள். தணிகாசலத்தின் அக்காள் மகன் செந்தமிழனுக்கு என்று அவளைப் பாவாடை கட்டிய வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயதில் விரல் போனது. அத்தை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டுப் போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையை வைத்துவிட்டு எழுந்தவளைக் கட்டிலில் படுத்தபடியே வேல்விழி கேட்டாள்: "மோதிர வெரல் நல்லாத்தான கீது, அத்தே?"

அத்தை வாசலைப் பார்த்து நடந்தாள். அந்த வருஷமே செந்தமிழனுக்குத் தண்டலத்தில் பெண் எடுத்தார்கள். வேல்விழிக்கு இப்போது முப்பத்து நாலு.

யாழ் அவளிடம் வந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். மிச்சமிருந்த விரல்கள் விறைத்துப் போகாமலிருக்க, ஒரு மரச்சட்டத்தில் ரப்பர் பேண்டுகளை இழுத்து மாட்டி, "தினம் இருநூறு தடவை சுண்டும்மா" என்று கொடுத்தார்கள். நான்கு நாள் சுண்டினாள். ஐந்தாம் நாள் ஒவ்வொரு ரப்பரும் ஒவ்வொரு மாதிரி பேசுவதைக் கவனித்து, ஒன்றைத் தளர்த்தி இன்னொன்றை முறுக்கி, படிப்படியாக ஏறுகிற மாதிரி அமைத்தாள். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்து கிடந்த அம்மாள், "இன்னாடி இது, வாத்தியமாட்டம் கீது?" என்றாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் யாழ் என்று படகு மாதிரி ஒரு படம் பார்த்த ஞாபகம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீபெரும்புதூர் நூலகத்தில் போய் நின்றாள். அங்கே இருந்த நூலகர் சங்கரநாராயணன், இந்தப் பெண் கதைப்புத்தகம் கேட்பாள் என்று நினைத்திருப்பார். அவள் யாழ் என்றாள். பழைய உரைகள் எல்லாவற்றையும் அவர் எடுத்துப் போட்டார். அவளுக்குப் பாதி புரியவில்லை. அவருக்குக் கால்வாசி புரியவில்லை. இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பிரித்துப் படித்தார்கள். கருவிக்கு எத்தனை நரம்பு, எந்த உறுப்புக்கு என்ன பெயர் என்றெல்லாம் எழுதி வைத்தவர்கள், அதை எப்படி வாசிப்பது என்பதை மட்டும் எட்டே எட்டுச் சொல்லில் முடித்துவிட்டார்கள். வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். அதில் முதலாவதான வார்தல், சுட்டுவிரலின் வேலை.

அந்த வரியைப் படித்த சனிக்கிழமை சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வேல்விழிதான், "சரி சார், அடுத்தது படிங்க" என்றாள்.

இடது கையால் வாசிக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. இரண்டு கைக்கும் தனித்தனியாக வேலை சொல்லியிருக்கிறது. இரண்டு சுட்டுவிரலும் வேண்டும். தன் கையால் ஆகாது என்று தெரிந்துகொண்டுதான் அவள் இதில் இறங்கினாள். வேறொருவர் கையில் அதைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். எட்டும் ஒரே ஜோடிக் கையில், ஒரு பண்ணில், முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை.

இப்போது இருப்பது ஐந்தாவது யாழ். முதல் நான்கும் கோடு என்கிற வளைந்த தண்டு பிளந்து போயின. குன்றத்தூர்த் தச்சர் ஒருவர் பலா மரத்தில் குடைந்து கொடுத்தது இது. பதினான்கு நரம்பும் செம்பரம்பாக்கம் ஏரியில் தூண்டில் போடுகிறவர்களிடம் வாங்கியவை, வெவ்வேறு தடிமனில். மாடியில் தணிகாசலம் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் ஆறு அறைகளில் கடைசி அறை யாழுக்கு. "குடித்தனம் வெச்சா நாலு பேர் படுப்பானுங்க. கட்டையப் படுக்க வெச்சிகினு கீறா" என்று கிளியம்மாள் படியேறும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறுவாள்.

சொல்லிக்கொடுக்கும் முறை விசித்திரமாக இருக்கும். வாசிக்கிறவர் கைமேல் தன் வலது கையைக் கவிழ்த்து வைப்பாள். விரல்மேல் விரல் பொருந்தும். அவளுக்கு விரல் இல்லாத இடத்தில் மட்டும் மற்றவர் சுட்டுவிரல் வெளியே எழும்பி நிற்கும். "இப்போ இத்தை மட்டும் ஆட்டு" என்பாள். நரம்பை நகத்தால் தொடுவதா, சதையால் தொடுவதா, மேலிருந்து கீழே வழிப்பதா, கீழிருந்து எடுப்பதா என்று எந்த உரையும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் விரலிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, பழைய ஸ்டோர்ஸ் நோட்டு ஒன்றில் குறித்து வைத்தாள். ஒவ்வொருவர் கையையும் அதே பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொள்வாள்.

அப்படிப் பதினேழு கைகள் நோட்டில் இருக்கின்றன. பதினேழு பேரும் போய்விட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்களை ஏழாம் மாதம், எட்டாம் மாதம் 'பிரேக்' என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிடுவது இங்கே வழக்கம். தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரம் கேட்பார்கள். போனவர்கள் வேறு கம்பெனிக்கு, வேறு ஊருக்கு. எட்டில் ஐந்து பாடம் முடிவதற்குள் எல்லாருக்கும் பிரேக் வந்துவிடும். ஆறாவது பாடத்தை ஒருவர் கையிலும் அவள் கேட்டதில்லை, நாச்சியார் வரும்வரை.

நாச்சியாருக்கு நாற்பத்து மூன்று வயது. சாத்தூர்ப் பக்கம். புருஷன் இல்லை, ஒரே மகள் விருதுநகரில் நர்சிங் இரண்டாம் வருஷம். பேக்கிங் ஹெல்பராகச் சேர்ந்து கான்ட்ராக்டர் ஹாஸ்டலில் ஒரு கட்டிலில் இருந்தாள். ஏழு வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய, சட்டத்தில் தீக்குச்சி செருகிய விரல்கள். அந்தக் கையை முதல் திங்கட்கிழமை பார்த்தபோதே வேல்விழி ஒப்பிக்கிற வாக்கியத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டாள்.

"என்ன புள்ள டீச்சரு, ஒன் நரம்பு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது?"

"நீங்க ஓடறீங்கக்கா. இது தீப்பெட்டி இல்ல."

"தீப்பெட்டின்னா இந்நேரம் பத்துச் சட்டம் அடுக்கிட்டு வெத்தலை போட்ருப்பேன்."

ஏழு மாதத்தில் ஏழு பாடம் முடிந்தது. வார்தல் இதுதான் என்று வேல்விழி தீர்மானம் செய்தது நாச்சியார் விரலில்தான். நகமும் சதையும் சேரும் இடத்தால் நரம்பை ஒரு இழை வழித்து விட்டபோது எழுந்த ஒலியைக் கேட்டு, "இன்னொரு வாட்டி" என்றாள். இருபது வாட்டி சொன்னாள். பட்டடை ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில் பிரேக் பட்டியல் போடுகிறார்கள் என்று பேச்சு வந்தது.

வேல்விழி செய்த தப்பு அப்போது நடந்தது. கையுறைக் கணக்கு பார்க்க லோகேஷ் ஜன்னலுக்கு வந்தபோது சொன்னாள்: "சார், நாச்சியாரை பிரேக்ல போடாதீங்க. இந்தக் கம்பெனில அவங்களாட்டம் வெரலு யாருக்கும் கெடையாது. பேக்கிங்ல போயி நின்னு பாருங்க, கண்ணால புடிக்க முடியாது."

லோகேஷ் போய் நின்று பார்த்தார். நல்ல விரல், பேக்கிங்கில் வீணாகிறது என்று நினைத்தார். மறு வாரம் நாச்சியாரை ஏழாம் எண் பிரஸ்ஸில் நிறுத்தினார்.

நாச்சியார் கேன்டீனில் வாங்கிய ஜாங்கிரியோடு மாடிக்கு வந்தாள். "ஒன்னாலதான் புள்ள. நல்லா ஓட்டுனா கம்பெனி ரோல்ல எடுப்பாகளாம். இனி பிரேக்கு கெடையாது. வாயத் தொற." ஊட்டிவிட்ட ஜாங்கிரியை வேல்விழி ரொம்ப நேரம் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் நடுவில் கை இருக்காது, அதுதான் காப்பு. ஆனால் இடது பட்டனில் ஒரு நட்டை வைத்து டேப்பைச் சுற்றிவிட்டால் ஒரு கை மிச்சம். மிச்சக் கை தகட்டை வைக்கும், எடுக்கும். எண்ணிக்கை ஏறும். வேல்விழி விரல் போன அன்றும் காலையிலிருந்தே டேப் சுற்றியிருந்தது, அவளுக்கு வலது பட்டனில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கம்பெனி நீட்டிய காகிதத்தில் அது எழுதியிருக்கவில்லை. 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. அவள் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள். ஸ்டோர்ஸ் வேலை அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

மூன்று ஞாயிறு போயிற்று. பட்டடைப் பாடத்தில் இடது கை அடி நரம்பிலேயே தங்கி ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும், வலது கை மேலே நடக்க வேண்டும். நாச்சியாரின் இடது கை தங்கவில்லை. வலது கை நரம்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் இடது கை துள்ளி விலகியது. சூட்டில் பட்டது போல விலகி, மறுபடி வந்து, மறுபடி விலகியது. வேல்விழி ஒரு நிமிஷம் பார்த்தாள். நரம்புகளின்மேல் உள்ளங்கையை வைத்து அடக்கினாள்.

"நட்டு வெச்சிட்டாங்களா?"

"எந்த நட்டு?"

"என்னாண்ட மறைக்காதீங்கக்கா. கையி சொல்லுது."

நாச்சியார் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "எல்லா மிசின்லயும்தான் வச்சிருக்காக. நான் ஒருத்தி எடுத்துட்டு நின்னா எண்ணிக்கை நிக்காது. அப்புறம் பேக்கிங்குக்குக் கூட வேண்டாம்பாக. எம் மக படிப்ப முடிக்கிற மட்டும் ஓட்டிட்டுப் போயிர்றேன். நான் சூதானமாத்தான் இருக்கேன். ஒன்ன மாதிரி அசந்துர மாட்டேன்."

"நான் அசரலக்கா."

"என்ன?"

"அன்னிக்கு நான் அசரல. எனக்கும் நட்டு வெச்சிருந்தாங்க."

நாச்சியார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மாசா மாசம் கையத் தூக்கி, எங் கவனக்குறைவுன்னு நீதான புள்ள சொல்லுற? நான் வந்த அன்னிக்குக்கூட ஒன் வாயால கேட்டேனே."

வேல்விழி நரம்புமேல் வைத்திருந்த கையை எடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பேர் முன்னால் சொல்லியிருப்பாள். இந்த ஒரு கைக்காவது அதை மாற்றிச் சொல்லலாம் என்று பார்த்தால், அவளுடைய வார்த்தையே குறுக்கே நின்றது.

மறுநாள் லோகேஷிடம் போனாள். "அவங்கள பேக்கிங்குக்கே மாத்திடுங்க சார். கால்ல விழறேன்."

"நீதான வெரலு வெரலுன்னு சொன்னே? போம்மா, ஸ்டோர்ஸைப் பாரு. உன்னை வெச்சிகினு கீறோமில்ல, அத்தை நெனச்சிப் பாரு."

பாகம் வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு, அதாவது சோதனைக்கு, வருகிற நாள் முன்கூட்டியே தெரியும். அன்று காலை நட்டுகளை எடுத்துவிடுவார்கள். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள். வேல்விழிக்குத் துவைத்த கோட் வரும். வந்த இருவரில் மூத்தவர் தமிழ்க்காரர். லோகேஷ் சொன்னதும் அவள் கையைத் தூக்கினாள். "என் கவனக்குறைவால" என்று தொடங்கினாள். அதோடு நிறுத்திவிட்டு, தூக்கிய கையை இறக்காமலே ஏழாம் எண் மிஷினுக்கு நடந்தாள். அங்கே நாச்சியார் இரண்டு கையும் இரண்டு பட்டனில் வைத்து ஒழுங்காக நின்றுகொண்டிருந்தாள்.

"சார், இந்த எடது பட்டனைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். விரல் ஒட்டியது. எடுத்தபோது டேப்பின் பசை நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து மிஷினில் தொட்டார். அதற்கும் அடுத்ததில் தொட்டார். விரலை மோந்து பார்த்தார். கூட வந்தவர் எழுதிக்கொண்டார். நாச்சியார் வேல்விழியைப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

என்ன நடக்கும் என்று வேல்விழிக்குத் தெரியாமல் இல்லை. குற்றத்தைக் கம்பெனி பேரில் எழுதினால் நட்டு போகும், நாச்சியார் இருப்பாள். ஆளின் பேரில் எழுதினால் நாச்சியார் போவாள். அந்தக் கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் இருந்தவளுக்கு எது நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பத்து விரலோடு போகட்டும் என்றுதான் நடந்தாள்.

மதியத்துக்குள் காகிதம் வந்தது. 'எண்ணிக்கைக்காக நட்டை நானே வைத்தேன்.' நாச்சியார் கையெழுத்துப் போட்டாள். மற்ற மிஷின்களில் எழுதி வாங்கவில்லை. பசையைத் தின்னரால் துடைத்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு கான்ட்ராக்டர் ஆள் வந்து, காலையில் கட்டிலைக் காலி செய்யச் சொன்னான்.

வேல்விழியை ஒன்றும் செய்யவில்லை. "உன்னை அனுப்பிட்டா கை காட்ட நான் யாரைத் தேடறது?" என்று லோகேஷ் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏழாம் எண்ணுக்கு நாங்குநேரியிலிருந்து வனமாமலை என்று ஒருவன் வந்தான். பத்து நாள் இரண்டு கையாலும் அழுத்தினான். பதினோராம் நாள் ஸ்டோர்ஸ் ஜன்னலில் வந்து டேப் கேட்டார்கள். இல்லை என்றாள். வெளியில் வாங்கிக்கொண்டார்கள்.

காகிதம் எழுதி வாங்கிய மறுநாள் காலை, ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள் நாச்சியார். ஒரு சூட்கேஸ், ஒரு அரிசிப் பை. வேல்விழி வந்ததைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

"ஊருக்குப் போயி இன்னாக்கா பண்ணப் போறீங்க?"

"கட்டை அடுக்கப் போறேன். வேறென்ன செய்ய?"

"நான் உங்க கைக்காகத்தான்..."

"தெரியும்த்தா." நாச்சியார் குரலை உயர்த்தவில்லை. "எங் கைக்காகத்தான் பிரேக்கு வேண்டாம்னு சொன்ன. எங் கைக்காகத்தான் பட்டனத் தொட்டுக் காமிச்ச. அந்தக் கைக்குப் பின்னால ஒருத்தி நின்னாளே, அவளுக்கு ஒரு மக இருக்காளே, அவளக் கேட்டியா?"

"கேட்டா வுட்டிருக்க மாட்டீங்க."

"மாட்டேன்தான்."

அதற்குள் கிளாம்பாக்கம் பஸ் வந்துவிட்டது. "ஏறு, ஏறு, லக்கேஜை உள்ள தள்ளு" என்று கண்டக்டர் கத்தினார். சூட்கேஸை வேல்விழி தூக்கி உள்ளே வைத்தாள். நாச்சியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கம்பியின்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்தாள். கீழே நின்ற வேல்விழி முகத்தைத்தான் பார்க்க நினைத்தாள். கண் கைகளுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு விரலாக, சுட்டுவிரலில் வந்து நின்றது.

நாச்சியார் அதைக் கவனித்தாள். கம்பியிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, முந்தானையை இழுத்து மணிக்கட்டு வரைக்கும் சுற்றி மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.